ஊருக்குத் தெரியாத வயிறு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான வாழ்க்கை பந்தியிலும் மெடிக்கல் ஷாப்பிலும் தெருமுனை கிளினிக்கிலும் நடக்கிறது.

மதுரை டீக்கடையில் தரும் கண்ணாடி கிளாஸில் எவ்வளவு பிடிக்கும்? 100 மில்லி, மிஞ்சினால் 150. 'ஸ்லீவ்' என்று சொல்லப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறவரின் இரைப்பைக்கும் அவ்வளவுதான் கொள்ளளவு. முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒடுங்கிய ஒரு குழாய். 'பைபாஸ்' செய்துகொண்டவருக்கு இன்னும் குறைவு. இரைப்பையின் மேல்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் நேராக இணைத்துவிடுவார்கள்.

அந்த வயிற்றோடு அவர் திரும்புவது, நள்ளிரவிலும் பரோட்டாக் கல் ஆறாத ஊருக்கு. காது குத்து, கிடா வெட்டு, பூப்புனித நீராட்டு, வீடு பால் காய்ச்சு என்று மாதம் நாலு பத்திரிகை வந்து விழும் வீட்டுக்கு. தை, மாசியில் திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் விடிவதற்கு முன்பே அண்டா அண்டாவாக பிரியாணி இறங்கும். ஊரே பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும். சாப்பாடு போடுவதும், போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதும் இந்த வட்டாரத்தில் மரியாதையின் மொழி. அந்த மரியாதையைப் பாதி இட்லியோடு முடித்துக்கொள்ள வேண்டிய ஒருவர் என்ன செய்வார்? பெரும்பாலும் மறைத்துவிடுகிறார். "டயட்ல இருக்கேன்", "அல்சர்", "வாக்கிங் போறேன்ல" என்று ஏதோ ஒன்று. ஆபரேஷன் செய்துகொண்டது மட்டும் வெளியே வராது.

இந்த மறைப்புதான் ஆபத்து என்பது என் எண்ணம்.

யாருக்கு, ஏன்?

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும் ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. இவர்களில் மிகச் சிறு பகுதியினருக்குத்தான் அறுவை சிகிச்சை தேவைப்படும். அந்தச் சிறு பகுதிக்குள் இருப்பவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் செய்து பார்த்தவர்கள். கொள்ளு ரசம், தேன் வெந்நீர், ஜிம், பேலியோ, பட்டினி என்று வரிசையாக முயன்று, பத்து கிலோ குறைத்து, பன்னிரண்டு கிலோ திரும்ப ஏறப் பார்த்தவர்கள்.

எடை திரும்ப ஏறுவது மன உறுதி இல்லாததால் அல்ல. சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது, பசியைக் கூட்டுகிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பெருமளவு இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் செய்யும்போது வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதிதான். பைபாஸில் குடலின் வழி மாறுவதால் வேறு ஹார்மோன்கள் மாறுகின்றன. எடை குறையும் முன்பே, சில நாட்களுக்குள்ளேயே, பலருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. "ஆபரேஷன் பண்ணித்தானே குறைச்சா" என்று உதட்டைச் சுழிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கு வழி என்று இதில் எதுவும் இல்லை.

எந்த எடையில் செய்யலாம்? 2022இல் உலக அளவிலான அறுவை சிகிச்சை அமைப்புகள் பழைய வரம்புகளைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 27.5 தாண்டினாலே யோசிக்கலாம் என்றன. நம் ஊர் உடம்பு குறைந்த எடையிலேயே சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் ஆளாகிவிடுவது இதற்குக் காரணம். ஆனால் இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியில் வரம்பு 40. கட்டுப்படாத சர்க்கரை, தீவிரமான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை இருந்தால் 35. கணக்குப் போட்டால், 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் 102 கிலோவைத் தொட்டால்தான், நோய் இருந்தால் 90 கிலோ அளவில், தனியார் பாலிசி கதவைத் திறக்கும். அதற்குக் கீழே இருப்பவர் நகையை வைத்தோ, கடன் வாங்கியோதான் வர வேண்டும். கடன் வாங்கிச் செய்தவருக்கு மாதாமாதம் வைட்டமின் வாங்கக் காசு மிச்சம் இருக்குமா என்பதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

ஆபத்து இல்லாத அறுவை சிகிச்சையும் இல்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகப் போன இளைஞர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 3 பேர். தேர்ந்த மையங்களின் கணக்கு அது. தீவிர சிகிச்சைப் பிரிவும், இந்த அறுவை சிகிச்சையில் பழகிய மயக்க மருத்துவரும் இல்லாத இடத்தில் படுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பந்தி

முதல் இரண்டு நாள் தெளிந்த நீர் ஆகாரம். பிறகு இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணி, வடிகட்டிய சூப். அடுத்து மசித்தது, அதற்கடுத்து மென்மையானது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். இந்தக் கட்டத்தை எல்லோரும் ஒழுங்காகக் கடந்துவிடுகிறார்கள். டயட்டீஷியன் தந்த காகிதம் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும், அம்மாவோ மனைவியோ மிக்ஸியில் அரைத்துக் கொடுப்பார்கள். சிக்கல் தொடங்குவது மூன்றாவது மாதத்தில், முதல் கல்யாண வீட்டில்.

நம் பந்தியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இலை போட்டதிலிருந்து எழுந்திருப்பது வரை கால் மணி நேரம். பாயசம் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். முதுகில் அவர்களுடைய மூச்சுப் படும். சிறிய வயிற்றுக்காரருக்கு மருத்துவர் சொன்ன விதியோ நேர் எதிர்: ஒவ்வொரு வாயும் கூழாகும் வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டுக்கு 20, 30 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும், சாப்பிடும்போதும் அதன்பின் அரை மணி நேரமும் தண்ணீர் குடிக்கக் கூடாது. "ஏத்தா, என்ன கொறிச்சிக்கிட்டு இருக்க? டேய், அக்காவுக்கு இன்னொரு கரண்டி போடுடா" என்று அத்தை குரல் கொடுப்பார். அவசரத்தில் ஒரு கவளம் சரியாக மெல்லாமல் இறங்கிவிட்டால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் வைத்தது மாதிரி அடைக்கும். வாயில் எச்சில் ஊறி ஊறி நிறையும். பத்தாவது நிமிடம், நுரையோடு வாந்தி. மண்டபத்தின் கை கழுவும் இடத்தில் குனிந்து நிற்பவரைப் பார்த்து, அத்தைக்கு வேறு சந்தேகம் வரும்.

சாப்பிடும் வரிசையும் மாற வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. அது சேரவில்லை என்றால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம், 100 கிராம் வெந்த கோழிக்கறியில் 25 கிராம் அளவுக்குப் புரதம். ஓர் இட்லியில் 2 கிராம் தேறினால் அதிகம். ஆகவே கறித்துண்டு முதலில், பிறகு கூட்டு பொரியல், இடம் இருந்தால் கடைசியாகச் சோறு. பரோட்டா, பன் போன்ற மாவுப் பண்டங்கள் உள்ளே போய் உருண்டு அடைத்துக்கொள்ளும். சைவக் குடும்பங்களில் பாடு இன்னும் கூடுதல். பயறு, சுண்டல், பனீர், தயிர், சோயா என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டாலும் பற்றாமல், புரதப் பொடி தேவைப்படுகிறது. விசேஷ வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போகாமல் ஒதுங்கினால் ஒரு வருடத்தில் மனிதர்கள் விட்டுப்போவார்கள். கடைசிப் பந்தியில் உட்காரலாம். பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டு, "கறி ரெண்டு துண்டு மட்டும் வைப்பா, சோறு வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். விசேஷ வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, "வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு மாமா" என்று சொல்லிவிட்டால் அவரே பக்கத்தில் நின்று காவல் காப்பார். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

விளக்குத்தூண் பக்கம்

அங்கே விற்கும் ஜிகர்தண்டாவில் என்ன இருக்கிறது? சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பைபாஸ் செய்தவர் ஒரு கிளாஸை மடமடவென்று குடித்தால் அந்தச் சர்க்கரை இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலில் கொட்டும். குடல் அதைச் சமாளிக்க ரத்தத்திலிருந்து நீரை இழுக்கும். பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று: உடம்பு அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்ததால் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். டூவீலரில் போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கருப்பட்டி போட்ட பருத்திப் பாலுக்கும் பானகத்துக்கும் இதே கதைதான். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது குறைவு, ஆனாலும் வரும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் இன்னொரு கவலை. நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே போக வேண்டும், அதையும் ஒரேயடியாகக் குடிக்க முடியாது. அக்னி வெயிலில் மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தால்தான் கணக்கு எட்டும். அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் திரும்ப ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களில் நிறையப் பேர் சேர்வது உடம்பில் நீர் வற்றித்தான். தண்ணீர்ப் பந்தலில் பானகத்தை விட்டுவிட்டு நீர்மோரை வாங்கிக்கொள்வது நல்லது.

"என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?"

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொத்துக் கொத்தாக உதிரும். வேகமான எடை இழப்பின் அதிர்ச்சியால் வருவது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைத்துவிடும். கன்னம் ஒட்டும், கழுத்துத் தோல் தொங்கும். அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோலின் அடியில் மதுரை வெக்கையில் வியர்த்து, படை வரும், புண்ணாகும். அந்தத் தோலை அகற்றுவதை அழகு சிகிச்சை என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். புடவைக்குள் எரியும் புண்ணோடு ஒரு பெண் நாள் முழுக்க வேலை பார்ப்பதில் அழகைப் பற்றி என்ன இருக்கிறது?

இளைப்பை நம் ஊர் நல்ல செய்தியாகப் பார்ப்பதில்லை. "சுகரா?", "டி.பி. டெஸ்ட் எடுத்தியா?", "வீட்ல ஏதும் பிரச்சினையா?" குண்டாக இருந்தபோது கேலி பேசிய அதே வாய்கள் இப்போது இரக்கப்படும். இரண்டும் ஒரே அளவுக்கு வலிக்கும்.

மனப்பசியை மருத்துவரின் கத்தி தொடுவதில்லை. கோபம் வந்தால் சாப்பாடு, தனிமையென்றால் சாப்பாடு என்று பழகியவருக்கு அந்த வடிகால் திடீரென அடைபடுகிறது. சிலர் மதுவுக்குத் திரும்புகிறார்கள். பைபாஸுக்குப் பின் மது சட்டென்று ரத்தத்தில் ஏறும். முன்பு ஒரு குவார்ட்டரில் வந்த போதை இரண்டு பெக்கில் வந்துவிடும். இரண்டாவது ஆண்டில் குடிநோய்க்கு ஆளாவோர் எண்ணிக்கை கூடுகிறது என்று 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மனநல மருத்துவரைப் பார்ப்பதை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தெருமுனை கிளினிக், மெடிக்கல் ஷாப், செவிலியர்

அறுவை சிகிச்சை நடந்தது நகரத்துப் பெரிய மருத்துவமனையில். ஆனால் பேரையூரிலோ கொட்டாம்பட்டியிலோ இருப்பவருக்கு ராத்திரி வயிற்றைப் பிரட்டினால் அவர் போவது பக்கத்துத் தெரு டாக்டரிடம். சில நாட்களாக விடாமல் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் தயாமின், அதாவது வைட்டமின் பி1, காலியாகியிருக்கும். அந்த நிலையில் நம் ஊரில் முதலில் செய்வது என்ன? ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது. தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்ச நஞ்ச தயாமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு தப்பும். தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். முதலில் தயாமின் ஊசி, பிறகு குளுக்கோஸ். அந்த டாக்டர் தவறு செய்வதில்லை. அவருக்கு விஷயம் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

மெடிக்கல் ஷாப்பில் "மூட்டு வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகள் பைபாஸ் செய்தவருக்கு இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும். ரத்தம் கசியும், சில சமயம் துளையே விழும். பாராசிட்டமால் போதும். கால்சியம் மாத்திரையிலும் கவனம் வேண்டும். பரவலாகக் கிடைப்பது கார்பனேட். அமிலம் குறைந்த வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படுவது சிட்ரேட். கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போட வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பலன் பாதி போச்சு. பி12 ஆயுள் முழுக்க வேண்டும். நன்றாக இருக்கிறோம் என்று இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரு நாள் கால் மரத்துப்போகத் தொடங்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நான் மனதாரப் பாராட்டும் திட்டம். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை சில நாட்களில் இறங்குகிறது, ரத்த அழுத்தம் சில வாரங்களில். பழைய சீட்டில் உள்ள பழைய அளவு மாத்திரையையே தொடர்ந்து போட்டால் மயங்கி விழ நேரும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் "எனக்கு ஆபரேஷன் ஆச்சு, டாக்டர் டோஸைக் குறைச்சிருக்கார்" என்று புதுச் சீட்டைக் காட்ட வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் வேறு யாராவது எடுத்துக் கொடுத்துவிடும் அபாயமும் உண்டு.

எல்லாவற்றிலும் அதிகமாக என்னை உறுத்துவது இளம் பெண்களின் நிலை. பெண் பார்க்க வருவதற்கு முன் எடையைக் குறைத்துவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுத்து அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். ஆறு மாதத்தில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதில்லை, அடுத்த மாதத்திலிருந்தே "விசேஷம் உண்டா?" எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகி, கரு தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறது மருத்துவம். உடம்பு கரைந்துகொண்டிருக்கும் காலத்தில் குழந்தைக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறை வேண்டும். இதையெல்லாம் கணவரிடம் சொல்லாமல் எப்படிச் செய்வது? கர்ப்பமான பின்னும் ஒன்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரைப் பரிசோதனை செய்வார்கள். பைபாஸ் செய்த பெண்ணுக்கு அது ஜிகர்தண்டாவைவிடக் கொடியது. முன்கூட்டிச் சொன்னால் விரலில் குத்தி ஒரு வாரம் சர்க்கரை அளவைப் பார்த்து முடிவு செய்துவிடலாம்.

பத்து வருடக் கணக்கு

ஸ்வீடனில் 1987இல் தொடங்கி 4,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் எடையில் 32 சதவிகிதம் இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் நின்றது 25 சதவிகிதம். கொஞ்சம் திரும்ப ஏறுவது இயல்பு, அதற்காக மருத்துவரிடம் போகக் கூச்சப்படத் தேவையில்லை. அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் சிலருக்கு அறுவை சிகிச்சையையே தேவையற்றதாக்கலாம், சிலருக்குத் திரும்ப ஏறிய எடையைப் பிடித்து நிறுத்தலாம். ஊசியை நிறுத்தினால் எடை ஏறும் என்பதும், ஊசி போட்டாலும் புரதமும் நடையும் வேண்டும் என்பதும் மாறுவதில்லை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களில் அறுவை சிகிச்சை செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று சொல்ல முடியாது.

மருத்துவமனைகளிடம் ஒரே ஒரு கோரிக்கை. டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் நாலு பக்கம் கொடுப்பதோடு நிற்காமல், தமிழில் ஒரு பக்க அட்டை கொடுங்கள். என்ன அறுவை சிகிச்சை, எந்தத் தேதியில். வாந்தி நிற்காவிட்டால் குளுக்கோஸுக்கு முன் தயாமின். டைக்ளோஃபெனாக் வேண்டாம். குளுக்கோஸ் கரைசல் பரிசோதனை வேண்டாம். மாற்றிய சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை அளவு. வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன். அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண். வீட்டில் ஒரு பிரதி, பர்ஸில் ஒன்று, பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஒன்று, மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் ஒன்று, கிராம சுகாதார செவிலியரிடம் ஒன்று.